100 எம்பிபிஎஸ் லைனில் 90 போதும்: ராஸ்பெர்ரி பை 4, ஓபன்டபிள்யூஆர்டி, கேக் – ஏழு மாத அனுபவம்

ஏழு மாதமாக எங்கள் வீட்டு இன்டர்நெட் முழுவதும் உள்ளங்கை அளவுக் கம்ப்யூட்டரான ஒரு ராஸ்பெர்ரி பை 4 வழியாகத்தான் போய் வருகிறது. அதில் ஓடுவது ஓபன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டர்களுக்கான லினக்ஸ். அதற்குள் எஸ்க்யூஎம் என்று ஒரு பேக்கேஜ், அதற்கும் உள்ளே உண்மையான வேலையைச் செய்வது கேக் என்கிற வரிசை நிர்வாகி, லைன் நிறையும்போது எந்த டேட்டா எப்போது போக வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீட்டுக்காக நான் வாங்கிய கம்ப்யூட்டர் சாமான்களில் இவ்வளவு நிம்மதி தந்தது வேறு எதுவும் இல்லை. ஆனால் அதற்குக் கொடுக்கும் எண்கள் சரியாக இல்லாவிட்டால் பெட்டி இருந்தும் பயன் கிடையாது. அதனால் இந்த விமர்சனத்தில் பாதி அந்த எண்களைப் பற்றித்தான்.

நாங்கள் திருப்பூரில். மாடியில் நாங்கள், கீழே தம்பியின் எம்ப்ராய்டரி டிசைன் ஆபீஸ், இரண்டுக்கும் சேர்த்து ஒரே 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன், ஏறவும் இறங்கவும் ஒரே வேகம். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் தம்பி பார்ட்டிகளுக்கு ஃபைல் அனுப்ப ஆரம்பிப்பான், ஸ்கேன், சாம்பிள் வீடியோ என்று ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஜிபி இருக்கும். மாடியில் அதே நேரத்தில் என் மனைவிக்கு ஆபீஸ் மீட்டிங். "என்னங்க, மறுபடியும் சுத்துது" என்று அறையிலிருந்து குரல் வரும். இது தினமும் நடந்தது. லைன் கொடுத்தவர்களிடம் மூன்று தடவை புகார் சொன்னோம். ஆள் வருவார், போனில் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுவார், 95 காட்டும், "சார், ஸ்பீட் கரெக்டா வருதே" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னதும் உண்மைதான். வேகத்தில் ஒரு குறையும் இல்லை.

குறை வேறு இடத்தில் இருந்தது. லைன் சும்மா இருக்கும்போது பிங், அதாவது ஒரு சின்னச் செய்தி போய்ப் பதில் திரும்பி வரும் நேரம், 9 மில்லிசெகண்ட். தம்பி அப்லோட் ஆரம்பித்த இரண்டாவது நொடியில் அது 340. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். 100 எம்பிபிஎஸ் லைனில் 340 மில்லிசெகண்ட் தாமதம் என்றால், வழியில் எங்கேயோ ஒரு பெட்டியின் நினைவகத்தில் 4 மெகாபைட்டுக்கு மேல் டேட்டா வரிசை கட்டி நிற்கிறது என்று அர்த்தம். மனைவி பேசும் ஒவ்வொரு சொல்லும் அந்த வரிசையின் கடைசியில் போய் நிற்கிறது. பஸ் ஸ்டாண்ட் டிக்கெட் கவுண்டரில் ஒரே ஆள் நூறு டிக்கெட் கேட்டு நிற்கும்போது பின்னால் ஒரு டிக்கெட்டுக்கு நிற்பவரின் நிலைமை.

இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். 2010 வாக்கில் நிரலாளர் ஜிம் கெட்டிஸ் இதைத் தன் வீட்டு லைனில் கவனித்துப் பெயர் வைத்துப் பேசத் தொடங்கினார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்ஸனும் வரிசையைக் கட்டுக்குள் வைக்கும் கோடெல் முறையைக் கொண்டு வந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காமல், ஒரு பாக்கெட் (டேட்டா இப்படிச் சின்னச் சின்னத் துண்டாகத்தான் போகும்) வரிசையில் எத்தனை நேரம் நின்றது என்று பார்ப்பதுதான் அதன் அடிப்படை. 5 மில்லிசெகண்டுக்கு மேல் நிற்பது 100 மில்லிசெகண்ட் வரை தொடர்ந்தால் பாக்கெட்டைக் கைவிட ஆரம்பிக்கும், அனுப்புபவர் தானாக நிதானத்துக்கு வருவார். அதே ஆண்டில் எரிக் டுமாசே அதை ஒவ்வோர் இணைப்புக்கும் தனி வரிசை என்று விரித்து எஃப்க்யூ-கோடெல் ஆக லினக்ஸ் 3.5-இல் சேர்த்தார். ஜானதன் மார்ட்டன் முதன்மையாக எழுதிய கேக் 2018-இல் லினக்ஸ் 4.19-உடன் வந்தது. இத்தனைக்கும் பின்னால் ஓயாமல் நின்று, டெஸ்ட் செய்து, எல்லோரையும் நச்சரித்து வேலை வாங்கியவர் டேவ் டாட். 2025 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். எங்கள் வீட்டு மீட்டிங் இன்று தடங்கலில்லாமல் நடப்பதில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதை எழுதாமல் இந்த விமர்சனத்தை எழுத எனக்கு மனமில்லை.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

இதற்கு முன்னால் இருந்த வைஃபை ரவுட்டரிலும் க்யூஓஎஸ் என்று, எந்த டேட்டாவுக்கு முன்னுரிமை என்று அமைக்கும் ஒரு பக்கம் இருந்தது. ஆன் செய்தால் ஒரு மாற்றமும் தெரியவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த மாதிரிப் பெட்டிகளில் பாக்கெட்டுகளை வேகமாகத் தள்ளிவிடும் ஹார்டுவேர் ஆஃப்லோட் என்று ஒன்று உண்டு. அது ஆனில் இருந்தால் பாக்கெட் லினக்ஸின் வரிசைப் பக்கமே வராமல் குறுக்கு வழியில் போய்விடும், வராத பாக்கெட்டை எந்த ஷேப்பரும் (வேகத்தை நாம் சொன்ன அளவுக்குள் வைக்கும் மென்பொருள்) கட்டுப்படுத்த முடியாது. ஆஃப்லோடை நிறுத்தினால் அந்தப் பெட்டியின் சின்ன சிபியு 100 எம்பிபிஎஸ்ஸுக்கே மூச்சு வாங்கியது. ஓபன்டபிள்யூஆர்டி போடுபவர்களும் இதை ஞாபகத்தில் வைக்க வேண்டும், எஸ்க்யூஎம் போட்டால் ஹார்டுவேர் ஆஃப்லோட் ஆஃப்பில் இருக்க வேண்டும்.

அதனால்தான் பை 4. நாலு கோர் கார்டெக்ஸ் ஏ72, 1.5 கிகாஹெர்ட்ஸ், போர்டிலேயே ஒரு முழு கிகாபிட் ஈத்தர்நெட். இரண்டாவது போர்ட்டுக்கு யுஎஸ்பி 3 ஈத்தர்நெட் அடாப்டர் ஒன்று, ரியல்டெக் சிப் போட்டது. மெமரி 2 ஜிபி மாடலே மிச்சம்தான். மேஜையில் வைத்து 500 எம்பிபிஎஸ் வரை கேக்கை ஏற்றிப் பார்த்தேன், திணறவில்லை, எங்கள் 90-க்கு அது கண்டுகொள்வதே இல்லை. சூடு மட்டும் உண்டு. 80 டிகிரியைத் தொட்டால் பை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், திருப்பூர் ஏப்ரல் மாதத்தில் மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைக்கக் கூடாது. நான் அலுமினிய கேஸ் போட்டேன். அப்புறம் கரன்ட் கட். ஓபன்டபிள்யூஆர்டியின் ஸ்குவாஷ்எஃப்எஸ் இமேஜில் சிஸ்டம் பகுதி எழுத முடியாத நிலையில் இருப்பதால், திடீரென்று கரன்ட் போனாலும் இதுவரை எஸ்டி கார்டு படுத்ததில்லை.

போடுவது சுலபமா என்றால் பாதி சுலபம். பையில் ஒரே போர்ட்தான், இரண்டாவது போர்ட்டின் டிரைவரை இறக்க இன்டர்நெட் வேண்டும், இன்டர்நெட்டுக்கு இரண்டாவது போர்ட் வேண்டும் என்று மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஓபன்டபிள்யூஆர்டியின் ஃபர்ம்வேர் செலக்டர் பக்கத்தில் அடாப்டர் டிரைவர், எஸ்க்யூஎம் இரண்டையும் முன்னாலேயே சேர்த்து இமேஜ் எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஃபைபர் பெட்டியை, டேட்டாவை அப்படியே கடத்திவிடும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றித் தரச் சொல்லி, கம்பெனி லைனுக்குள் நுழையத் தேவையான பிபிபிஓஇ லாகினை பையில் போட்டேன். பழைய ரவுட்டரை வெறும் வைஃபைக்கு மட்டும் வைத்துக்கொண்டேன், ஏனென்றால் பையின் சொந்த வைஃபை ஒரு அறையைத் தாண்டுவதே பாடு.

எஸ்க்யூஎம் பக்கத்தில் மூன்று தாவல்கள். முதலில் வேகம், இரண்டாவதில் எந்த முறை, மூன்றாவதில் லிங்க் லேயர், அதாவது ஒவ்வொரு பாக்கெட்டோடும் கம்பியில் கூடுதலாகப் போகும் பைட்டுகளின் கணக்கு. பெரும்பாலானவர்கள் முதல் தாவலோடு நின்றுவிடுகிறார்கள். துல்லியம் இருப்பது மூன்றாவதில்.

இதை நான் நம்பி ஏற்காமல் மேஜையில் வைத்து அளந்தேன். பைக்கு இரண்டு பக்கமும் இரண்டு லேப்டாப், நடுவில் வேறு எதுவும் இல்லை, பிபிபிஓஇயும் இல்லை. கேக்குக்கு 50 மெகாபிட் என்று கொடுத்து, வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப்3 ஓட்டினேன். சாதாரணமாக ஒரு பாக்கெட் 1500 பைட். அதில் முகவரி போன்றவை இருக்கும் டிசிபி, ஐபி தலைப்புகள் போக உண்மையான சரக்கு 1448 பைட். ஆனால் கம்பியில் அந்தப் பாக்கெட் எடுத்துக்கொள்ளும் இடம் 1538. ஈத்தர்நெட் தலைப்பு 14, கடைசியில் சரிபார்ப்புக்கு 4, முன்னறிவிப்பு 8, இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவே கட்டாய இடைவெளி 12, ஆக மொத்தம் 38. இந்த 38-ஐ ஓவர்ஹெட் என்று கொடுத்தால் ஐபெர்ஃப்3-இல் 47.1 வர வேண்டும். கொடுக்காவிட்டால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அந்த 14 பைட்டை மட்டும்தான் கணக்கில் வைக்கும், 47.8 வர வேண்டும். எனக்கு வந்தது 47.0, 47.8. இவ்வளவுதானே வித்தியாசம், இதற்கா இவ்வளவு பேச்சு என்று அப்போது எனக்கும் தோன்றியது.

பிறகு சின்னப் பாக்கெட் அனுப்பினேன். 64 பைட் சரக்கு, யுடிபி (ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் அனுப்பும் முறை). குரல் அழைப்பு, கேம், டவுன்லோடுக்குத் திரும்பிப் போகும் ஒப்புதல் பாக்கெட் எல்லாம் ஏறக்குறைய இந்தச் சின்ன வகைதான். 64-உடன் ஐபி, யுடிபி தலைப்பு சேர்ந்தால் 92, கம்பியில் 130. ஓவர்ஹெட் கொடுத்தபோது 24.6 வர வேண்டும், 24.5 வந்தது. கொடுக்காதபோது 30.2. அதாவது 50-க்குள்தான் அனுப்புவதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஷேப்பர், கம்பியில் 61 எம்பிபிஎஸ்ஸைத் தள்ளிக்கொண்டிருந்தது. லைனின் வேகத்தில் 95 சதவீதம் என்று எண் கொடுத்து, ஓவர்ஹெட் கொடுக்காமல் விட்டால், பெரிய பாக்கெட் ஓடும்வரை எல்லாம் சரியாகத் தெரியும். சின்னப் பாக்கெட் கூடிய நேரத்தில் வரிசை மறுபடியும் ஃபைபர் பெட்டிக்குள் போய்விடும், அங்கே கேக்கின் ஆட்சி செல்லாது. "ஒரு நாள் நன்றாக இருக்கிறது, ஒரு நாள் சுற்றுகிறது" என்று எஸ்க்யூஎம்மைக் குறை சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

எங்கள் லைனில் பிபிபிஓஇ இருப்பதால் இன்னும் 8 பைட் கூடும். 38-உடன் 8, மொத்தம் 46. ஒரே கம்பியைத் தனித்தனி வலையாகப் பிரிக்கும் விஎல்ஏஎன் குறி இருந்தால் இன்னொரு 4. எதிர்ப்பக்கத்தில் கம்பெனி எந்தக் கணக்கில் வேகத்தை அளக்கிறது என்று நமக்குத் தெரியாது, அதனால் சந்தேகம் வந்தால் கூட வைப்பதே நல்லது. கூட வைத்தால் கொஞ்சம் வேகம் போகும், அவ்வளவுதான். குறைத்து வைத்தால் மொத்த ஏற்பாடும் வீண்.

கேக் இல்லாமல் பழைய முறையில், எச்டிபி என்ற ஷேப்பரும் அதை லினக்ஸில் அமைக்கும் டிசி கட்டளையும் வைத்துச் செய்யலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். செய்யலாம். சில வருடங்களுக்கு முன் ஒரு டியூஷன் சென்டரில் பழைய பிசியில் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன், இன்னமும் எச்டிபி மேல் எனக்கு மரியாதை உண்டு, வகுப்பு வகுப்பாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் உத்தரவாத வேகம், உச்ச வேகம் என்று கொடுக்க அதை விட நல்ல கருவி கிடையாது. ஆனால் துல்லியம் வேண்டுமென்றால் நாமேதான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். டிசியில் கேபிஐடி என்று எழுதினால் கிலோபிட், கேபிபிஎஸ் என்று எழுதினால் கிலோபைட், அதாவது எட்டு மடங்கு. இது ஒன்றிலேயே பலர் நாள் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். குவான்டம் என்பது ஒரு வகுப்பு தன் முறை வரும்போது அனுப்பும் பைட் அளவு, வேகத்தை (பைட்டில்) 10-ஆல் வகுத்து வரும், அதனால் 16 மெகாபிட்டுக்கு மேல் வகுப்பு வைத்தாலே குவான்டம் பெரிதாகிவிட்டது என்று கெர்னல் எச்சரிக்கும், கையால் கொடுக்க வேண்டும். அப்புறம் ஜிஎஸ்ஓ. லினக்ஸ் வேலையைக் குறைக்க நிறையப் பாக்கெட்டுகளை 64 கிலோபைட் வரை ஒரே மூட்டையாகக் கட்டித் தரும். 4 எம்பிபிஎஸ் லைனில் அந்த ஒரு மூட்டை போய்ச் சேர 130 மில்லிசெகண்ட், அதுவரை குரல் பாக்கெட் காத்திருக்க வேண்டியதுதான். டியூஷன் சென்டரில் இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கேக் அந்த மூட்டையைத் தானே பிரித்து ஒவ்வொரு பாக்கெட்டாக அனுப்புகிறது. குவான்டம், பர்ஸ்ட் எதையும் கேட்பதில்லை. வேகம், ஓவர்ஹெட் இரண்டும் போதும்.

டவுன்லோட் பக்கம் கொஞ்சம் கடினம், இதில் எதிர்பார்ப்பை அளவோடு வைக்க வேண்டும். அப்லோடில் வரிசை நம் வீட்டு வாசலில் நிற்கிறது, நாம் ஆள வேண்டியதை ஆளலாம். டவுன்லோடில் பாக்கெட் ஏற்கெனவே குறுகிய பாதையைத் தாண்டி நம் வாசலுக்கு வந்துவிட்டது. அதை ஐஎஃப்பி என்ற ஒரு போலி இன்டர்ஃபேஸ் வழியாகத் திருப்பி விட்டு அங்கே கேக்கை வைக்கிறார்கள். அங்கே பாக்கெட்டைக் கைவிட்டால், அனுப்புபவர் அதைப் பார்த்து வேகத்தைக் குறைப்பார், அதனால் கம்பெனி பக்கத்து வரிசை காலியாகவே இருக்கும். இது வேலை செய்ய நம் எண் லைனின் உண்மை வேகத்துக்குக் கீழே இருந்தாக வேண்டும், அப்லோடை விடக் கொஞ்சம் கூடுதலாகவே விட்டுக் கொடுக்க வேண்டும். எங்கள் லைனில் டவுன்லோட் காலையில் 97 வரை வரும், ராத்திரி ஒன்பது மணிக்கு 88-க்கு இறங்கும். ஒரு வாரம் வெவ்வேறு நேரத்தில் அளந்துவிட்டு டவுன்லோடுக்கு 85, அப்லோடுக்கு 90 என்று வைத்தேன். காலையில் 97 பார்த்துவிட்டு 95 வைப்பவர்களுக்கு ராத்திரி பழைய கதைதான்.

ஆக, கையில் கிடைக்கும் வேகம் குறைகிறது, இதை மறைக்க ஒன்றுமில்லை. அப்லோடுக்கு 90 கொடுத்தால் ஸ்பீட் டெஸ்ட்டில் 84 தெரியும், முன்பு 95 தெரிந்தது. தம்பிக்கு இது முதலில் பிடிக்கவே இல்லை. "காசு கொடுத்து வாங்கின ஸ்பீட எதுக்குண்ணா குறைக்கிற?" என்றான். நியாயமான கேள்விதான். அன்று சாயங்காலம் அவனையே உட்கார வைத்து 3 ஜிபி ஃபைலை அப்லோடில் போடச் சொல்லி, பக்கத்தில் பிங்கை ஓட விட்டேன். 11, 12, 11, 13, 12. முழு ஃபைலும் போய் முடிகிற வரை 14-ஐத் தாண்டவில்லை. ஃபைல் போய்ச் சேர அரை நிமிடம்தான் கூடுதலாகப் பிடித்தது. மேலே மீட்டிங் நடந்துகொண்டே இருந்தது, யாரும் குரல் கொடுக்கவில்லை. அவன் அதற்கப்புறம் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஆள் ஆளுக்குச் சமப் பங்கு. கீழே ஒரு கம்ப்யூட்டர் இருபது இணைப்பு திறந்து டவுன்லோட் செய்தாலும், மேலே ஒரே இணைப்பு வைத்திருக்கும் லேப்டாப்புக்கு அதன் பங்கு கிடைக்கிறது, ஏனென்றால் கேக் முதலில் மெஷின் வாரியாகப் பிரித்துவிட்டுத்தான் இணைப்பு வாரியாகப் பிரிக்கிறது. ஆனால் வீட்டில் எல்லா மெஷினும் வெளியே ஒரே முகவரியில்தான் போகும், உள்ளே யார் யார் என்று அதற்குத் தெரிய நாட் என்ற சொல்லைக் கொடுக்க வேண்டும். கூடவே அப்லோடுக்கு டூயல்-எஸ்ஆர்சிஹோஸ்ட், டவுன்லோடுக்கு டூயல்-டிஎஸ்டிஹோஸ்ட், இன்க்ரெஸ். இவ்வளவு முக்கியமான விஷயத்துக்கு எஸ்க்யூஎம் பக்கத்தில் ஒரு டிக் பாக்ஸ் கிடையாது! மேம்பட்ட அமைப்பு, அதற்குள் இன்னும் ஆபத்தான அமைப்பு என்று இரண்டு கட்டத்தைத் திறந்து, காலிப் பெட்டியில் நாமே டைப் செய்ய வேண்டும். ஓர் எழுத்து தப்பினால் ஷேப்பர் தொடங்காது, பக்கமும் அதைச் சத்தமாகச் சொல்லாது, லாகைப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். இது பெரிய குறை. புதிதாக வருபவர்களில் பாதிப் பேர் இந்த வசதி இருப்பதே தெரியாமல் போய்விடுவார்கள்.

வேறு குறைகளும் உண்டு. வைஃபையில் ஏற்படும் தாமதத்தை இது தீர்க்காது. ஒரு அறை தள்ளி உட்கார்ந்து சிக்னல் இரண்டு கோடு காட்டும்போது லேக் வந்தால் அது பையின் தப்பு இல்லை. 4ஜி, 5ஜி மோடம் வைத்திருப்பவர்களுக்கு வேகம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், ஒரே எண் பொருந்தாது. அதற்கு கேக்-ஆட்டோரேட் என்று தனியாக ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது, தாமதத்தைப் பார்த்துப் பார்த்து எண்ணை மாற்றும், ஆனால் அதற்குப் பொறுமை வேண்டும். ஒரு குறிப்பிட்ட மெஷினுக்கு 10 எம்பிபிஎஸ்தான் என்று கட்டாய வரம்பு வைக்க வேண்டிய ஹாஸ்டல், பிஜி நடத்துபவர்களுக்கும் கேக் மட்டும் போதாது, எச்டிபி பக்கம்தான் போக வேண்டும். 300 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் லைன் வைத்து மூன்று பேர் இருக்கும் வீட்டில் லைன் நிறைவதே அபூர்வம் என்றால், முதலில் அப்லோட் ஓட விட்டு பிங் பாருங்கள். ஏறவில்லை என்றால் இந்தச் செலவு வேண்டாம்.

100 எம்பிபிஎஸ் அல்லது அதற்குக் கீழே லைன், வீட்டிலிருந்து வேலை, கேமரா அப்லோட், பிள்ளைகளின் கேம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கும் வீடு என்றால் யோசிக்காமல் வாங்கலாம். மென்பொருள் முழுக்க இலவசம், செலவு பைக்கும் அடாப்டருக்கும் கேஸுக்கும்தான். பை வேண்டாம் என்றால் ஓபன்டபிள்யூஆர்டி ஓடக்கூடிய, கொஞ்சம் வலுவான சிபியு உள்ள எந்த ரவுட்டரும் போதும்.

போன மாதம் கம்பெனி எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிளானை 150-க்கு ஏற்றியிருந்தது. நான் எண்ணை மாற்றவில்லை என்பதால் இரண்டு வாரம் 85-லேயே ஓடியிருக்கிறது, வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஒரு வாரத்துக்கு அளக்க ஆரம்பித்திருக்கிறேன். அதுவரை பையின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் பழைய எண்களே இருக்கின்றன, வேகம் கிலோபிட்டில், கடைசியில் ஓவர்ஹெட்: 85000, 90000, 46.